பெயர் போடாமல் எழுதியது

அந்தக் கடற்கரைக் குடியிருப்பில் ஐந்து மாதம் எனக்கு நல்ல பெயர் இருந்தது. அதன் பிறகு என்னைக் கண்டால் கதவைச் சாத்தினார்கள். நடுவில் நான் செய்தது ஒரே காரியம்தான். ஓர் அறிக்கை எழுதினேன்.

பொதுச் சுகாதார ஆய்வு என் வேலை. உடல் ஊனமுற்றவர்கள், படுத்த படுக்கையாகிவிட்டவர்கள், பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள் எல்லாம் மருத்துவமனைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறார்கள், போகாதவர்கள் ஏன் போகவில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதவேண்டும். தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரமாகச் சில ஊர்களை எனக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நான் சாத்தான்குளத்துக்காரி. அப்பா, அம்மா இரண்டு பேரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவில் என் இடது கால் சூம்பிப்போனது. தொடைவரை இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டுத்தான் இன்றுவரை நடக்கிறேன். மணலில் அந்தக் காலை இழுத்துக்கொண்டு நான் வருவதைப் பார்த்ததுமே எந்த வீட்டிலும் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். மற்ற ஆய்வாளர்கள் மூன்று நாள் அலைந்தும் வாங்க முடியாத பதிலை நான் அரை மணி நேரத்தில் வாங்கிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த மனிதரையும் அப்படித்தான் பேச வைத்தேன்.

அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சங்கு குளிக்கப் போனவர். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. ஒரே அறையும் சமைக்க ஒரு குசினியும் உள்ள வீட்டில் சன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தது. சன்னல் கம்பியில் ஒரு வலைக்கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்து இழுத்துத்தான் எழுந்து உட்காருவார். தோளும் புஜமும் கடலுக்குப் போன காலத்தில் இருந்த மாதிரியே திரண்டு இருந்தன. மனைவி இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்த்தாள். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் நாகர்கோவிலில் நர்சிங் படித்தாள். (இங்கே நான் சொல்லும் ஊர், வீடு, பிள்ளைகள், படிப்பு எதுவும் உண்மையில் இருந்தபடி இல்லை. எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். இந்தப் புத்தி எனக்கு அன்றைக்கு இருந்திருக்க வேண்டும்.)

முதல் இரண்டு தடவை அவர் சொன்னது, மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருந்ததேதான்: படகு கட்டும் பாலத்துக் கல்லில் வழுக்கி விழுந்து முதுகில் அடிபட்டது. மூன்றாவது தடவை நான் என் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெயிலில் பட்டை சுட்டுத் தொடையில் கொப்புளம். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் விழவே இல்ல டீச்சர்" என்றார். நோட்டுப் புத்தகத்தோடு வருகிற பெண் யாராக இருந்தாலும் அந்த ஊருக்கு டீச்சர்தான்.

மூச்சடக்கிக் குளித்தால் சங்கு கிடைக்கிற ஆழம் இப்போது இல்லை. அதனால் படகில் ஒரு கம்பிரசரை வைத்து, நீளமான குழாய் வழியாகக் காற்று அனுப்புவார்கள். குளிக்கிறவர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு அடியில் ஒரு மணி நேரம்கூட இருப்பார். அனுமதி இல்லாத முறை. அன்றைக்கு அவர் இரண்டு முறை இறங்கிவிட்டு மூன்றாம் முறையும் இறங்கினார். அடியில் இருக்கும்போது இயந்திரம் நின்றுபோனது. குழாயில் காற்று வரவில்லை. ஒரே மூச்சில் மேலே வந்தார். அவ்வளவு ஆழத்திலிருந்து அவ்வளவு வேகமாக வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டிவிடும். படகில் ஏறி ஒரு பீடி பற்ற வைத்ததாகச் சொன்னார். அது முடிவதற்குள் கால் இரண்டும் மரத்துவிட்டன.

"நாலு பேரு தூக்கிட்டுப் போனானுவ. டாக்டர் கேட்டாரு, என்ன ஆச்சுன்னு. வழுக்கி விழுந்துட்டான்னு சொன்னானுவ. எனக்குக் காது கேக்கு. நானும் ஆமான்னுட்டேன். கம்பிரசர்னு சொன்னா படகு போயிரும்லா."

டாக்டர்கள் முதுகெலும்பு முறிவைத் தேடிப் படம் எடுத்தார்கள். இரண்டு நாள் தேடினார்கள். உடனே காற்றை அழுத்தி நிரப்பிய அழுத்தக் கூண்டில் வைத்துச் சிகிச்சை கொடுத்திருந்தால் கால் திரும்பியிருக்கலாம். அந்த இரண்டு நாள் ஒரு பொய்யில் போய்விட்டது. இதை எழுதாமல் எதை எழுதப்போகிறேன் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது அவர் கயிற்றைப் பிடித்து எழுந்தார். "டீச்சர், பேரு போட்டுராதிய. படகுக்கார அண்ணாச்சிதான் மருந்து, மூத்திர டியூபு எல்லாம் அனுப்புதாரு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ விடுதாரு. இவளுக்கு வேலையும் அவரு ஷெட்டுலதான்."

"போடவே மாட்டேன். ஊர் பேரும் வராது" என்று வாக்குக் கொடுத்தேன்.

பேரும் போடவில்லை, ஊரும் போடவில்லை. "நகருக்கு வடக்கே உள்ள ஒரு மீனவர் குடியிருப்பில் வசிக்கும், நாற்பது வயதைக் கடந்த ஒரு முன்னாள் சங்கு குளியாளர்" என்று எழுதினேன். "மூத்த மகள் செவிலியர் படிப்பு படிக்கிறார்" என்றும் சேர்த்தேன். படிக்கிறவர்கள் மனதை அந்த வரி தொடும் என்று நினைத்தேன். தொடவும் செய்தது. அறிக்கையை வெளியிட்ட கூட்டத்தில் அந்தப் பத்தியை வாசித்தபோது ஓர் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நிருபர் ஒருவரும் அங்கே இருந்தார். மறுநாள் பத்தி அப்படியே செய்தித்தாளில் வந்தது.

அதனால் ஊரில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி மாப்பிள்ளையூரணி வழியாக ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். எப்போதும் போல டீக்கடையில் டீ சொன்னேன். கடைக்காரர் பாய்லரைப் பார்த்துக்கொண்டே, "டீ இல்ல" என்றார். எனக்குப் பக்கத்தில் நின்றவருக்கு ஊற்றிக் கொடுத்தார். புரியாமல் தெருவுக்குள் நடந்தேன். குழாயடியில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். தாண்டிப் போனதும் முதுகுக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள்: "ஏளா, பாத்துப் பேசு. நொண்டி வாரா, எழுதிருவா."

நினைவு தெரிந்ததிலிருந்து கேட்ட சொல்தான் அது. அந்த ஊரில் மட்டும் அதுவரை கேட்டதில்லை.

சங்குக்காரர் வீட்டில் அவர் மனைவி வாசலிலேயே நின்றாள். வேலைக்குப் போயிருக்க வேண்டிய நேரம்.

"வந்துட்டியளா" என்றாள். "இன்னும் என்ன பாக்கி இருக்கு, எழுத?"

"என்ன ஆச்சும்மா?"

"என்ன ஆச்சா? ஆபீசருமாரு வந்து எல்லாப் படகையும் சோதிச்சு மிசினத் தூக்கிட்டுப் போய்ட்டாவ. கரையில ஒரு படகு எறங்கல. எந்த வீட்டுலயும் அடுப்பு ஒழுங்கா எரியல. எல்லாவனும் எங்க வாசல்லதான் வந்து நிக்கான். அண்ணாச்சி ஷெட்டுக்கு வராதேன்னுட்டாரு. ஆட்டோ நின்னுபோச்சு. டியூபு நின்னுபோச்சு."

"நான் பேர் போடவே இல்லையே" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்னவற்றில் மிக அற்பமான வாக்கியம் அதுதான்.

"பேரு எதுக்கு?" என்றாள். சத்தம் போடவில்லை. "இந்தக் கரையில காலு போன சங்குக்காரன் எத்தன பேரு? அதுல நர்சுக்குப் படிக்க வச்சவன் எத்தன பேரு? ஒங்களுக்கு எண்ணத் தெரியாதா டீச்சர்?"

உள்ளே எட்டிப் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. சீழ் வாடை அடித்தது. டியூப் மாற்றவில்லை, புரட்டிப் படுக்கவைக்கக் கைகொடுத்த அக்கம்பக்கத்தார் வரவில்லை, இவள் ஒருத்தியால் முடியவில்லை, படுக்கைப்புண் வந்திருந்தது. நான் படியில் கால் வைத்தேன். அவள் கதவைச் சாத்தினாள். இரும்புப் பட்டையில் கதவு மோதிய சத்தம் தெருவெல்லாம் கேட்டிருக்கும்.

அன்றைக்கே எங்கள் அலுவலகத்துக்குப் போய்த் திட்டத் தலைவரிடம் அந்தப் பத்தியை எடுக்கச் சொன்னேன். அவர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார்.

"பேர் இருக்கா? இல்ல. ஊர் இருக்கா? இல்ல. கமிட்டி அப்ரூவல் இருக்கு. விதிப்படி நாம எந்தத் தப்பும் பண்ணல."

"அந்த ஆளுக்குப் புண் வந்திருக்கு சார்."

"அது வேற விஷயம். நீங்க உங்க காலை வச்சு இதைப் பாக்குறீங்க. கொஞ்சம் விலகி நின்னு பாருங்க."

அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே முழுதாக எழுத முடியாது. அதில் பாதி என் மேல் இருந்த கோபம். நான் வாசலில் நின்று சொன்ன அதே வார்த்தையைத்தான் அவரும் சொன்னார், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து. இனி வெளியே போகும் பிரதிகளில் பத்தி இருக்காது என்று எழுதிக் கொடுக்காவிட்டால் ஒப்புதல் கொடுத்த குழுவுக்கே புகார் அனுப்புவேன் என்றேன். எழுதிக் கொடுத்தார். அன்று முதல் அலுவலகத்திலும் என்னோடு சாப்பிட உட்காருகிறவர்கள் குறைந்துபோனார்கள். வெளியே போன பிரதிகளை யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் இருந்தார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். டிரெஸ்ஸிங் சாமான்கள், டியூப், பையெல்லாம் வாங்கிக்கொண்டு அவரையும் கூட்டிப் போனேன். சங்குக்காரர் மனைவி பையை வாங்கிப் பார்த்தாள்.

"நர்ஸம்மா வரட்டும். நீங்க தெருமுனையில நில்லுங்க. வீட்டுப் பக்கம் வராதிய."

நின்றேன். ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மாதத்துக்கு மேல், நர்ஸ் உள்ளே போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு வரும்வரை மின்கம்பத்தின் நிழலில் நின்றேன். ஒரு மணி நேரம் ஆகும். உட்கார யாரும் எதையும் போடவில்லை. என்னைத் தாண்டிப் போகிற ஆண்கள் காறித் துப்பிவிட்டுப் போவார்கள், என் மேல் படாத தூரத்தில். ஒரு கிழவர் மட்டும் ஒருநாள் நின்று நிதானமாகச் சொன்னார்: "புயலு வந்தாக்கூட ரெண்டு நாள்ல படகு எறங்கிரும். நீ வந்துட்டுப் போனதுல ஒரு மாசம் எறங்கல." இரக்கத்துக்குப் பழகிப்போயிருந்தவள் நான். பகையோடு பார்த்தால் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது அழுவேன். மறுநாள் அந்த அழுகையை நினைத்தே எரிச்சல் வரும். புண் அவருக்குத்தானே, எனக்கில்லையே.

ஒருநாள் படகுக்கார அண்ணாச்சி ஆள் அனுப்பினார். கோயில் மண்டபத்தில் கூட்டம், வந்து பதில் சொல்ல வேண்டும் என்று. போனேன். இருபது ஆண்கள் இருப்பார்கள். வாசலில் பெண்கள். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"வாங்க மேடம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவன் ஒங்ககிட்ட சொன்னது உண்மையா, பொய்யா?"

அதில் என்ன பொறி இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. உண்மை என்றால் அவர் ஊரைக் காட்டிக்கொடுத்தவர் ஆவார். பொய் என்றால் பொய்யர் ஆவார்.

"கேட்டது நான். எழுதினது நான். எழுத வேண்டாம்னுதான் அவர் நினைச்சார். தப்பு என்னோடது அண்ணாச்சி" என்றேன்.

"அது சரி. நான் கேட்டதுக்குப் பதில் இல்லையே. உண்மையா, பொய்யா?"

அப்போது வாசலில் நின்ற பெண்களை விலக்கிக்கொண்டு சங்குக்காரர் மனைவி உள்ளே வந்தாள். அவளைக் கூட்டத்துக்குக் கூப்பிடவே இல்லை.

"அந்தம்மாகிட்ட ஏன் கேக்கிய அண்ணாச்சி? என்கிட்ட கேளுங்க. உண்மை. ஒங்க படகு, ஒங்க மிசினு, மிசினு நின்னுபோச்சு. எங்க வீட்டு ஆளத் தூக்கிட்டுப் போன நாலு பேருல மூணு பேரு இங்கனதான் இருக்காவ." கை நீட்டி ஒவ்வொருவராகக் காட்டினாள். "வழுக்கி விழுந்தான்னு டாக்டர்ட்ட சொன்னியல்லா. ரெண்டு நாளு அவரு எலும்பப் போட்டோ புடிச்சிட்டு இருந்தாரு. உண்மையச் சொல்லியிருந்தா இன்னைக்கு நடந்து வந்து இங்கன ஒக்காந்திருப்பாரு. எழுதுனதுக்குக் கூட்டம் போடுதிய. அதுக்கு எவன் கூட்டம் போட்டான்?"

காட்டப்பட்ட மூன்று பேரில் ஒருவன் எழுந்து வெளியே போனான். இன்னொருவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஏளா, நீ சொல்லுறது சரிதான். எனக்கே வலது கை மரத்துத்தான் கெடக்கு" என்றான். அவன் அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை என்று பின்னால் தெரிந்தது.

நான் அவளைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அவள் எனக்காகப் பேசினாள் என்று முட்டாள்தனமாக நினைத்துவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களையும் சேத்துத்தான் சொல்லுதேன். அவனுவ அவர வச்சுப் படகக் காப்பாத்துனானுவ. நீங்க அவர வச்சுப் பேரு வாங்குனிய. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அண்ணாச்சி எழுந்து போய்விட்டார். கூட்டம் கலைந்தது. அதனால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஷெட்டில் அவளைத் திரும்பச் சேர்க்கவில்லை. நகரத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டாள், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். ஆனால் அந்த மூன்று பேரில் இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டு வந்து அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஆரம்பித்தார்கள். பேச்சு வார்த்தை கிடையாது. வருவார்கள், புரட்டுவார்கள், போய்விடுவார்கள். மழைக்காலம் முடிவதற்குள் புண் ஆறிவிட்டது.

புண் ஆறிய பிறகு அவரே நர்ஸிடம் சொல்லி அனுப்பினார்: அந்த டீச்சரை எழுதினதை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்க.

அவள் கதவைச் சாத்திய பிறகு முதல் தடவையாக அந்த வீட்டுக்குள் போனேன். அவர் கயிற்றைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். மனைவி குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வாசிங்க" என்றார்.

வாசித்தேன். மகள் படிப்பு வந்ததும் கையைக் காட்டினார். "அத எடுங்க." கோடு போட்டு அடித்தேன். வயதை எடுக்கச் சொன்னார். கட்டில் பற்றிய வரியை எடுக்கச் சொன்னார். "இளமையில் கடலின் ராஜாவாக இருந்தவர்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். "இது யாரு சொன்னா? நான் சொல்லலையே." அடித்தேன். அவர் கண் கலங்கியதாக எழுதியிருந்த இடத்தில் மனைவிதான் குறுக்கே பேசினாள். "அழவே இல்ல அவரு. நீங்கதான் அழுதிய." அதையும் அடித்தேன்.

மருத்துவமனைக்குக் கொண்டு போனதும், டாக்டர் கேட்டதும், பொய் சொன்னதும், இரண்டு நாள் வீணானதும் வந்தன.

"இது இருக்கட்டும்" என்றார். "எவனோ ஒரு சங்குக்காரன்னு போட்டு இத மட்டும் வைங்க. எந்த ஊர்னும் வேண்டாம். கம்பிரசர்ல போனவனத் தூக்கிட்டு வந்தா டாக்டர்ட்ட மொத வார்த்தையா அதச் சொல்லணும். சொன்னா போலீசு வரக் கூடாது. அப்படி எழுதுங்க."

அவ்வளவு நீளப் பத்தி ஒன்பது வரியாகச் சுருங்கியது. அந்த ஒன்பது வரியை அவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். திட்டத் தலைவர் அதை ஏற்கவில்லை. ஆதாரம் போதாது என்றார். நான் அந்த வேலையை விட்டேன். ஒன்பது வரியையும் கையில் எடுத்துக்கொண்டு, சங்குக்காரர்களைக் கொண்டு வரக்கூடிய ஒவ்வொரு மருத்துவமனைக்கும் போய் அவசரப் பிரிவில் இருந்த டாக்டர்களிடம் நானே பேசினேன். சிலர் காது கொடுத்தார்கள். சிலர் நீங்க யாரு என்று கேட்டார்கள்.

அடுத்த சீசனில் வேறொரு கரையிலிருந்து ஒருவனைக் கொண்டு வந்ததாகவும், தூக்கி வந்தவர்களே கம்பிரசர் என்று சொன்னதாகவும் ஒரு டாக்டர் எனக்குப் போன் செய்தார். அழுத்தக் கூண்டு இருந்த இடத்துக்கு அன்றைக்கே அனுப்பிவிட்டார்களாம். கம்பு ஊன்றி நடக்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதைச் சொல்லலாம் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நின்றபடியே கேட்டாள்.

"நல்லது" என்றாள். "அவன் பொண்டாட்டி கொடுத்து வச்சவ."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இத நான் அவருட்ட சொல்லிருதேன். நீங்க இனும வராதிய டீச்சர். ஒங்களப் பாத்தா அன்னைக்கெல்லாம் அவரு சாப்புடுறதில்ல."

கதவைப் பூட்டி, புரட்ட வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கச் சாவியைச் சன்னல் வழியாக அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு வேகமாக நடந்தாள். நானும் அதே பஸ்ஸுக்குத்தான் போக வேண்டியிருந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனேன்.